செத்துப்போன சக்களத்தி

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தலைமுடியைப் பிடித்தாவது சண்டை போடலாம். எனக்கு வாய்த்தவள் செத்துப்போனவள். அவளிடம் இனிமேல் யாரும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. அவள் குண்டாக மாட்டாள், எரிந்து விழ மாட்டாள், ரொட்டியைக் கருக விட மாட்டாள். எங்கள் பேக்கரியில் கல்லாவுக்கு மேலே போட்டோச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் சில்லறை எண்ணிக் கொடுப்பதை நாள் முழுக்கச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் இளைய தாரம். என் வீட்டுக்காரர் ரொட்டி போடுகிறவர். மூத்தவள் போய் இரண்டு வருஷம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களில் அவளைப் பற்றி என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. "அவங்க கட்டுற பொட்டலம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பிரியாது." "அவங்க இருந்தப்ப பன் இன்னும் மெத்துனு இருக்கும்." பன்னைச் சுட்டவர் அன்றைக்கும் இவர்தான், இன்றைக்கும் இவர்தான். அவள் வெறுமனே கல்லாவில் நின்றாள். ஆனாலும் மெத்தென்று இருந்தது அவளாலாம். நான் என்ன, ஒவ்வொன்றையும் உட்கார்ந்து நசுக்கிவிட்டா விற்கிறேன்?

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வாய் தவறிக்கூட அவளைப் பற்றிப் பேச மாட்டார். நாலு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். எதனால் செத்தாள் என்று ஒரு தடவை கேட்டேன். "வயித்து வலி" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அவ்வளவு ஆசை. சொன்னால் குறைந்துபோகும் என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

இந்த நிலைமையில்தான் சந்தைத் தெரு சுகாதார நிலையத்து நர்ஸ் கடை கடையாக வந்து பெண்களைக் கூப்பிட்டாள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வரக்கூடுமா என்று முன்கூட்டியே பார்க்கிற பரிசோதனை. யார் முன்னாலும் படுக்க வேண்டியதில்லை. பல் துலக்கும் பிரஷ் போல மெல்லிசாக ஒன்று கொடுப்பார்கள்; கழிப்பறைக்குள் போய் நாமே உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்து, குப்பியில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டால் போதும். பக்கத்துக் கோழிக்கடை அக்கா போனாள். எங்கள் பேக்கரிக்கு முட்டை கொண்டுவந்து போடுகிறவள் போனாள். நானும் போனேன். எனக்கு ஒரு உபத்திரவமும் கிடையாது, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வந்தேன்.

கொஞ்ச நாளில் நர்ஸ் என்னைத் தனியாக வரச் சொல்லி, அறைக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இது புற்றுநோய் இல்லை. அதை முதல்ல காதுல வாங்கிக்குங்க. உள்ள ஒரு கிருமி இருக்கு. நிறைய பேருக்கு வந்து தானாப் போயிடும். உங்களுக்கு அது போகலை. அப்படியே விட்டா வருஷக்கணக்குல கெடுத்து, புற்றுநோயாக்கூட மாறலாம். வியாழக்கிழமை வாங்க. உள்ள பார்த்துட்டு, தேவைன்னா அந்த இடத்தை மட்டும் சூடு வச்சுப் பொசுக்கிடலாம்."

"எப்படி வந்துச்சு?"

"புருஷன் பொண்டாட்டி சேர்றதுலதான் வரும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பல வருஷம் சத்தமில்லாம இருக்கும். அதைப் போட்டுத் தோண்டாதீங்க."

தோண்டாதே என்று சொன்னால் தோண்டாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தெரிந்த ஆம்பிளை இவர் ஒருவர்தான். அப்படியானால் இவருக்குத் தெரிந்த பொம்பிளை யார்? வீடு வந்து சேர்வதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். முட்டைக்காரி.

அவள் புருஷனை விட்டுத் தனியாக இருப்பவள். தினமும் காலையில் முட்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே ஏதாவது ஒரு வேடிக்கை சொல்வாள். இவர் கையில் மாவோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். நான் எதையாவது சொன்னால் மட்டும் "ம்" என்பார். மேலே ஒருத்தி, வாசலில் ஒருத்தி, நடுவில் நான் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மத்தியானம் அடுப்பு ஆறுகிற நேரம். அவர் தட்டுகளில் ஒட்டிய கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்குக் கர்ப்பப்பையில கிருமி இருக்காம். உங்களாலதான் வந்திருக்கு. யாரு அவ? முட்டைக்காரியா?"

சுரண்டி அவர் கையிலிருந்து விழுந்தது. "கர்ப்பப்பையிலயா? என்ன சொன்னாங்க? எப்ப வரச் சொன்னாங்க?"

"வியாழக்கிழமை. நான் போகப்போறதில்லை. பேரைச் சொல்லுங்க, போறேன்."

"முதல்ல போயிட்டு வா. அப்புறம் என்ன வேணும்னாலும் கேளு."

"அப்போ சொல்றதுக்கு ஏதோ இருக்கு."

அவர் குனிந்து சுரண்டியை எடுத்து, மறுபடி தட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். நானும் விடவில்லை. என்னிடம் வேறு என்ன இருக்கிறது, அவரைப் பேச வைக்க? என் உடம்பு ஒன்றுதான் இருந்தது. அதைப் பணயம் வைத்தேன். வியாழக்கிழமை அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு தயாராக வந்து நின்றார். நான் கல்லாவை விட்டு நகரவில்லை. வாடிக்கையாளர்கள் முன்னால் சத்தம் போட முடியாமல், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கோழிக்கடை அக்காவுக்கும் கிருமி வந்திருந்ததாம். போய்ப் பார்த்துக்கொண்டு சாயங்காலமே கோழி வெட்ட வந்துவிட்டாள். "கத்தரிக்காய் நறுக்குற நேரம்கூட ஆகலைடி. வரிசையில உன்னையும் கூப்பிட்டாங்க, நீ ஏன் வரலை?" என்றாள். தலைவலி என்றேன்.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் ரொட்டி வாங்க வந்தாள். கூட்டம் கலையும்வரை கண்ணாடி அலமாரியைப் பார்ப்பதுபோல நின்றாள். பிறகு மெதுவாக, "அந்தச் சூடு வைக்கிற மெஷின் அடுத்த வியாழனோட வேற பக்கம் போயிடும், அக்கா. திரும்ப எப்ப வரும்னு எனக்கே தெரியாது. உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றாள். பின்னாலிருந்து இவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. குற்றமுள்ள நெஞ்சு, குறுகுறுக்கட்டும் என்று விட்டேன்.

மறுநாள் முட்டைக்காரியை வாசலிலேயே மடக்கினேன்.

"உனக்கு டெஸ்ட்டுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு, அக்கா. உங்களுக்கு?"

ஒரு பெண்ணுக்கு நோய் இல்லை என்று கேட்டு இடிந்துபோனவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடைந்திருக்கிறதோ என்று முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. புதன்கிழமை அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது நானே போய் நின்றேன்.

"நாளைக்குத்தான் கடைசி. சொல்லப்போறீங்களா, இல்லையா?"

அவர் பிசைவதை நிறுத்தினார். கைகள் மாவுக்குள்ளேயே இருந்தன.

"உன்னைக் கட்டினப்புறம் யாரும் இல்லை. அவளைக் கட்டினப்புறமும் யாரும் இல்லை. அதுக்கு முந்தி லாரியில ஓடிட்டு இருந்தேன். அந்த வயசுல நான் ஒழுங்கா இருக்கலை. அதை அவகிட்ட கடைசி வரைக்கும் சொல்லலை."

"அவ பேச்சு இப்ப எதுக்கு?"

"அவளுக்கு வயித்து வலி இல்லை. இதேதான். கர்ப்பப்பை வாயில புற்றுநோய்."

அவர் தலையை நிமிர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"நேரங்கெட்ட நேரத்துல ரத்தம் பட்டுக்கிட்டே இருந்துச்சு. நின்னுக்கிட்டே வேலை பாக்குறதால இருக்கும்னு சொன்னா. கறுப்புப் பாவாடையா கட்டிக்கிட்டுக் கல்லாவுல நின்னா. இங்க அப்ப டெஸ்ட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப, பரவிடுச்சுன்னாங்க. கரண்டு வைக்கிற கதிர்வீச்சு மெஷினுக்கு வரிசை. எங்க முறை வர்றதுக்குள்ள போயிட்டா."

"ஏன் வயித்து வலின்னு சொன்னீங்க?"

"அந்த இடத்துல வியாதின்னா அவளைப் பத்தி ஊர் என்ன பேசும்? நீயே இப்ப முட்டைக்காரியை என்னன்னு பேசுற." முழங்கையால் கண்ணைத் துடைத்தார். நெற்றியெல்லாம் மாவு. "டாக்டரும் இப்படித்தான் வரும்னு சொன்னாரு. அன்னையிலேருந்து நான்தான் அவளைக் கொன்னேனோன்னு இருக்கு. இப்ப உனக்கும். இன்னொரு தடவை என்னால ஆகாது. என்னை என்ன வேணும்னாலும் செய். ஆனா நாளைக்குப் போ."

நியாயமாக எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான். அவளுக்காக எப்படி அழுகிறார் பார் என்று மனசு எண்ணெயில் விழுந்ததுபோலப் பொரிந்தது. அவள் நின்ற கல்லா, அவள் படுத்த கட்டில், அவள் வாங்கிய அலமாரி, எல்லாம் எனக்கு அவள் மிச்சம். கடைசியில் நோயும் அவள் மிச்சம்தானா? அதற்கப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷம் ஆசை என்று நினைத்து நான் வயிறெரிந்தது ஆசை இல்லை, பயம். அவர் அவளைப் பொத்தி வைத்திருக்கவில்லை. அவளிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தார்.

"கையைக் கழுவுங்க. மாவு காயுது" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் போனோம். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு நர்ஸ் என்னை உள்ளே கூட்டிப் போனாள். படுத்தேன். காலை அகட்டச் சொன்னாள். குளிர்ந்த கருவி ஒன்று உள்ளே போனது. பிறகு பஞ்சில் எதையோ நனைத்துத் தடவினாள். வாசனையிலேயே தெரிந்தது, வினிகர். கடையில் தட்டு கழுவ வாங்குகிறோமே, அதே சங்கதி.

"கெட்டுப்போன இடம் இருந்தா இதுல வெள்ளையாத் தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, குனிந்து பார்த்தாள். "தெரியுது. விரல் நுனி அளவுதான். நல்ல நேரத்துல வந்தீங்க."

"இது அவரு மூத்தவளுக்குக் குடுத்ததா, அவ இவருக்குக் குடுத்ததா?"

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கருவி உள்ளே இருக்கும்போது கதை சொல்கிற பைத்தியம் நானாகத்தான் இருப்பேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அக்கா, கல்யாணம் பண்ணின பாதிப் பேருக்கு மேல இந்தக் கிருமி ஒரு தடவையாவது வந்து போயிருக்கும். இதுல கொன்னவங்கன்னு யாரும் இல்லை. நேரத்துக்குப் பாக்காததுதான் கொன்னுச்சு. இப்ப சூடு வைக்கட்டுமா?"

"வைங்க."

பேனா மாதிரி ஒரு கருவி. முனை சூடாகும் என்றாள். அடிவயிற்றில் மாதவிலக்கு வலி போல ஒரு பிடி பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இனிமேல்தான் பெரிசாக ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"முடிஞ்சுது. ஒரு மாசத்துக்குத் தனித்தனியாப் படுங்க. அடுத்த வருஷம் மறுபடி வந்து காட்டணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இவ்வளவுதானா? கத்தரிக்காய் நறுக்குகிற நேரம்கூட ஆகாத ஒரு வேலை. இது இல்லாமலா ஒருத்தி கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், பன்னைப் பொட்டலம் கட்டிக்கொண்டே செத்தாள்? அவளுக்குக் கிடைக்காத ஒன்று முதல் தடவையாக எனக்குக் கிடைத்திருக்கிறது. இப்படி ஒன்றுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கிடைத்ததும் எனக்கு அழுகை வந்தது.

"வலிக்குதா, அக்கா?"

"இல்லை."

வெளியே வந்தேன். அவர் எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்ன ஆச்சு?" என்றார்.

"முடிஞ்சுது. ஒரு நிமிஷம்கூட ஆகலை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் "ஒரு நிமிஷமா" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். மற்ற நாளாக இருந்தால் அங்கேயே ஒரு சண்டை பிடித்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.