கரகரப்பு

செந்தூர்பாண்டி வானொலியோடு சண்டை போடாத நாள் கிடையாது. அதற்காக அதைத் தலைமுழுகினாரா என்றால் அதுவும் கிடையாது.

வெம்பக்கோட்டை போகிற சாலையில் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேன். செல்போனையெல்லாம் கேட்டிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டிய இடம். மருந்து அறைகள் பொட்டலில் தள்ளித் தள்ளி நிற்கும். கேட்டை ஒட்டி ஆபீஸ் அறை, அதற்கடுத்துச் சாப்பாட்டுக் கொட்டகை. ஆபீஸ் ஜன்னலில் செம்புக் கம்பியை ஏரியலாக இழுத்துக் கட்டிய பழைய ரேடியோ ஒன்று இருந்தது. அதன் எதிரே ஒரு முக்காலி, முக்காலியில் இருப்புக் கொள்ளாமல் செந்தூர்பாண்டி.

புகார் என்று ஆரம்பித்தால் அவருக்கு முடிவே இருக்காது. பாட்டு சரணத்துக்கு வருகிற நேரம் பார்த்துக் கழுத்தை நெரித்து நிறுத்திவிட்டுச் செய்தி போடுகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு விதைக்கச் சொல்கிறார்கள். சில நேரம் ஒரு சத்தமும் வராது. நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்களோ என்று இவர் இங்கே பல்லைக் கடிப்பார். நேயர் விருப்பத்துக்கு ஆபீஸ் போனிலிருந்து சுற்றினால் எந்நாளும் என்கேஜ்டு. அப்படியானால் தனியார் ரேடியோவைக் கேட்க வேண்டியதுதானே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அங்கே பேசுகிறவர்கள் மூச்சு விடாமல் கத்துகிறார்களாம். அரசு நிலையத்தில் கீர்த்திகா என்று ஓர் அறிவிப்பாளர். அவர் நிதானமாக ‘நேயர்களே’ என்று கூப்பிட்டால் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று செந்தூர்பாண்டிக்குத் தோன்றும். முகம் பார்த்ததில்லை, ஆனால் கீர்த்திகாவுக்குச் சளி பிடித்தால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அவர் மனைவி பாண்டிமீனா அதே கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைப்பவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள், ரேடியோவில் தன் பேரைச் சொல்லி ஒரு பாட்டு போட வேண்டும் என்று ஆசையாகச் சொன்னாள். பாட்டையும் சொன்னாள். சொன்னதை அவள் மறந்துவிட்டாள். இவர்தான் அன்றிலிருந்து போனைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

எல்லாப் புகாருக்கும் மேலே ஒரு புகார் உண்டு. கரகரப்பு. ஆவணி, புரட்டாசியில் வெயில் சாய்கிற நேரத்தில் ரேடியோவுக்குள் யாரோ கடலை வறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டும் கேட்காது, கீர்த்திகாவும் கேட்காது. கொஞ்ச நேரம் குமிழைத் திருகிப் பார்ப்பார். பிறகு நிலையத்தின் பரம்பரையையே வைதுகொண்டு எழுந்து வெளியே வருவார். வந்தவர் பொழுது போகாமல் வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். பார்த்தால், ஆலங்குளம் பக்கம் மேகம் கறுத்து நிற்கும். உடனே விசிலை எடுத்து ஊதுவார். மின்னல் வரும் என்றால் மருந்து அறையில் ஈ காக்கை இருக்கக் கூடாது. பெண்கள் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடி வந்து நிற்பார்கள். சொல்லி வைத்த மாதிரி அதற்குப் பிறகுதான் முதல் இடி இடிக்கும்.

இதனால் அவருக்குப் பெரிய பேர். போர்மேனுக்கு இடியை மோப்பம் பிடிக்கத் தெரியும் என்று பெண்கள் சொன்னார்கள். முதலாளி சபரிநாதன் மற்ற கம்பெனிக்காரர்களிடம் பெருமை பேசினார். செந்தூர்பாண்டி மறுத்துப் பேசவில்லை. தன்னிடம் அப்படி ஏதோ இருக்கிறது என்று அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

கரகரப்பைப் பற்றி மட்டும் அவர் நிலையத்துக்கு எழுதிய கார்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு சாக்கு தேறும். கடைசியில் போன கோடையில் ஒரு நாள் நேயர் கடித நேரத்தில் கீர்த்திகாவின் குரல் அவர் பேரைச் சொன்னது. விடாமல் எழுதிய வெம்பக்கோட்டை செந்தூர்பாண்டி அவர்களுக்கு நன்றி, இனி உங்கள் பகுதிக்கும் எஃப்.எம்மில் துல்லியமாகக் கேட்கும், பழைய மத்திய அலை ஒலிபரப்பு அடுத்த மாதத்தோடு நிற்கிறது என்றார். செந்தூர்பாண்டி முக்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி அன்றைக்கு முழுக்க எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சபரிநாதன் அண்ணாச்சியும் சந்தோஷப்பட்டுப் புது ரேடியோ ஒன்றைக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட்டார். பழையது வீட்டுப் பரணுக்குப் போனது.

புது ரேடியோவில் கீர்த்திகா தாளைப் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. செந்தூர்பாண்டி முக்காலியைக் கொட்டகைக்கே கொண்டுவந்து போட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஆவணியில் ஒரு பிற்பகல். பழைய பாடல்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கண்ணை மூடியிருந்தவரின் இமைக்கு மேலே பளீரென்று ஒரு வெளிச்சம். அடுத்த நொடியே தலைக்கு மேலே இடி. காய வைக்கும் மேடைக்குப் பின்னால் நின்ற பனையின் தலை பற்றி எரிந்தது. அவர் விசிலைத் தேடினார். விசில் கழுத்தில்தான் கிடந்தது. ஊத மூச்சு வரவில்லை. அறைகளிலிருந்து பெண்கள் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். வீரலட்சுமி என்பவள் கல்லில் இடறி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். பனைக்கு நேரே இருந்த அறையிலிருந்துதான் பாண்டிமீனா வந்தாள். அவள் கைகள் இரண்டிலும் அலுமினியத் தூள் அப்பியிருந்தது.

அந்தப் பொறி நாலடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ரேடியோ மட்டும் ஒரு பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வீட்டில் பாண்டிமீனா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“மத்த நாளெல்லாம் இடிக்கு முன்னாடியே வந்து ஊதுவீக. இன்னைக்கு எங்கன போனீக?”

“எங்கயும் போகல. பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

“எப்பவும் பாட்டுதான கேக்கீக. கரகரன்னு இரையுதுன்னு வஞ்சிக்கிட்டே எந்திரிச்சு வருவீக. இப்பதான் நல்லாக் கேக்குதே, எதுக்கு எந்திரிக்கப் போறீக?”

குத்திக் காட்டத்தான் சொன்னாள். ஆனால் வாய்க்குப் போன டம்ளர் அவருக்குப் பாதியில் நின்றது. காபியை அப்படியே வைத்துவிட்டுப் பரணில் ஏறினார்.

பழைய ரேடியோவைத் துடைத்து, மாடிக்கு எடுத்துப் போய், முள்ளை அதே இடத்தில் வைத்தார். நிலையம் அங்கே இல்லை. வெறும் இரைச்சல். தூரத்தில், மேற்கே அடிவானத்தில், சத்தமில்லாமல் ஒரு மின்னல் வெட்டியது. ரேடியோ ‘கர்’ என்றது. இன்னொரு மின்னல், இன்னொரு ‘கர்’. இடி அவர் காதுக்கு வரவே இல்லை, அவ்வளவு தொலைவு. மேகத்தைப் பார்த்துப் பார்த்து, ரேடியோவைக் கேட்டுக் கேட்டு, அவர் மாடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

மோப்பமாவது மண்ணாவது. எங்கோ வெட்டுகிற மின்னலைத்தான் அந்தப் பெட்டி இத்தனை காலமும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது பாண்டிமீனாவைக் காப்பாற்றக் கத்தியது. இவர் பாட்டைக் கெடுக்கிறது என்று வைதார். வைததோடு விட்டாரா, கார்டு கார்டாக எழுதி அதன் வாயை அடைத்தார், டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் பழைய ரேடியோ ஆபீஸ் ஜன்னலுக்குத் திரும்பி வந்தது. தனக்கு மோப்பமும் கிடையாது ஒன்றும் கிடையாது, எல்லாம் இதன் வேலை என்று பெண்களிடம் போட்டு உடைத்துவிட்டார். அவர்கள் நம்பியும் நம்பாமலும் சிரித்தார்கள். நிலையமே இல்லாத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு இரைச்சல் கேட்கிற ஆளை சபரிநாதன் அண்ணாச்சி ஒரு மாதிரியாகப் பார்த்தார். பனை மரத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று போனார். கொட்டகையில் கீர்த்திகா தெளிவாகப் பேசினார், ஆபீஸில் ஒன்றுமில்லாதது ஓயாமல் இரைந்தது. இரண்டுக்கும் நடுவே செந்தூர்பாண்டி எழுவதும் உட்காருவதுமாக இருந்தார்.

புரட்டாசி வந்தது. சீசன் உச்சத்தில் இருந்தது. லோடு ஏற்ற லாரிகள் கேட்டில் காத்துக் கிடந்தன. வெயில் கொளுத்திய ஒரு பிற்பகலில் பழக்க தோஷத்தில் ஆபீஸ் போனைச் சுற்றினார். மணி அடித்தது. அடித்ததோடு எடுக்கவும் எடுத்தார்கள்.

“வணக்கம். நேயர் விருப்பம். யார் பேசறீங்க?”

கீர்த்திகாவின் குரலேதான். ஒருவழியாகப் பேரையும் ஊரையும் சொன்னார்.

“கரகரப்புன்னு எழுதுவீங்களே, அந்த செந்தூர்பாண்டி ஐயாவா? இப்ப தெளிவா கேக்குதா?”

“கேக்குதும்மா. ரொம்ப நல்லாக் கேக்குது. அதப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒரு பாட்டு. எங்க வீட்டுல பாண்டிமீனா, இங்கனதான் மருந்து அறையில வேலை பாக்கா. அவளுக்காக…”

ஜன்னலில் பழைய ரேடியோ ‘கர்’ என்றது.

வெளியே கண் கூசும் வெயில். மறுபடியும் ‘கர்’. பாட்டின் முதல் வரியைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இத்தனை வருஷம் சுற்றினார். ரிசீவரை மேஜை மேல் போட்டுவிட்டு வெளியே பாய்ந்து அந்த மூச்சை விசிலில் ஊதினார்.

பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ஆர்டர் குவிந்து கிடக்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகத்தைக் காணோம், இவருக்கு என்ன வந்தது. அவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியாகப் பாண்டிமீனா கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்த பிறகுதான் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அதற்குள் ஆலங்குளம் பக்கமிருந்து வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

“ஐயா… இருக்கீங்களா?” என்றது கொட்டகைச் சுவரில் இருந்த புது ரேடியோ. “விசில் சத்தம் கேட்டுச்சு. லைன்ல இருக்கீங்களா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ சும்மா இருந்தது. செந்தூர்பாண்டி பல்லைக் கடிக்கிற அதே மௌனம்தான். இப்போது அந்தப் பக்கம் ஒருவர் அவருக்காகக் காத்திருந்தார். திடீரென்று பொட்டலே அதிர இடி இடித்தது. ஆபீஸ் மேஜையில் திறந்து கிடந்த போன் வழியாக அந்த இடி ரேடியோவிலும் கேட்டது.

“அங்க இடி விழுதுபோல” என்றார் கீர்த்திகா, குரல் மாறி. “ஐயா, மருந்து அறையில இருக்கிற பாண்டிமீனா அம்மா, எல்லாரும் பத்திரமா இருங்க. நீங்க என்ன பாட்டுக் கேக்க வந்தீங்கன்னு…”

அதற்கு மேல் வரவில்லை. பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுச் செய்திக்கான இசை ஆரம்பித்துவிட்டது.

தன் பேரை ரேடியோ சொல்லிவிட்டது என்பது பாண்டிமீனாவுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. புருஷனையும் பார்த்தாள், சுவரில் இருந்த பெட்டியையும் பார்த்தாள். உறைத்ததும் அவளுக்கு வந்தது கோபம்.

“பாட்டுப் போடப்போற நேரத்துல அறுத்துட்டானுகளே. இவனுகளுக்கு எம்புட்டு எழுதினாலும் புத்தி வராதா?”

மழை தகரத்தில் சடசடவென்று இறங்கியது. செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்தது.

“விடு புள்ள” என்றார். “நேரமாச்சுன்னா செய்தி போடத்தான செய்வாக.”

சொல்லிவிட்டு ரிசீவரை எடுத்து வைக்க ஆபீஸுக்குப் போனார். பழைய ரேடியோ காது கிழியக் கரகரத்துக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.