ஹாஜியாரின் தலையாட்டல்

ஸெய்னுதீன் ஹாஜியாரின் தலையாட்டலுக்கு விலை கிடையாது. ரிஸ்லா அதற்கும் பில் எழுதினாள்: மூன்று அசைவுகள், பதினெட்டாயிரம் ரூபா, திருத்தம் இலவசம்.

உட்துறைமுக வீதியில் ஹாஜியாருக்குக் கருவாட்டு மொத்தக் கடை. வாயால் ஆயிரம் விலை சொல்வார், கட்டுபடியாகாது என்று கண் கலங்குவார்; அதெல்லாம் வியாபாரம். தலை ஒருதரம் கீழே இறங்கினால் பேரம் முடிந்தது, பிறகு கடல் வற்றினாலும் விலை மாறாது. பக்கத்துக் கடைக்காரர் மகளான ரிஸ்லா பல் முளைக்கும் முன்பே இதைக் கண்டு வளர்ந்தவள். ஓர்ஸ் ஹில் பக்கம் அறையெடுத்துக் கதிரை போட்டுக் கணினி வேலை தொடங்கியதும் மறந்துபோனாள்.

கடைக்கு அவள் செய்த வலைச் செயலியில், வாங்குபவர் தன் விலையை எழுதும் பெட்டிக்கு மேலே, தொப்பியும் தாடியுமாக ஹாஜியாரின் வெக்டர் உருவம். ஹாஜியார் கடைப் போனில் சம்மதம் அழுத்தினால் அது தலையாட்டும். மறுத்தால் கையை விரிக்கும். மூன்றாவது, பதில் வரும்வரை காத்திருக்கும் அசைவு. அதை வரைய ரிஸ்லாவுக்குச் சோம்பல். தலையாட்டும் துண்டையே எடுத்து, வேகத்தைப் பாதியாக்கி, திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் விட்டாள். கவனமாகக் கேட்கிறார் என்று பொருளாம்.

அந்த வாரமே வெருகலிலிருந்து சில்லறை வியாபாரி வீரக்குட்டி சாக்கோடு வந்து இறங்கினார். ரிஸ்லாவும் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டாக் கருவாடு பத்துக் கிலோ, ஹாஜியார். நீங்கள் ஓமெண்ட விலைக்கு."

"நான் எப்ப ஓமெண்டன்?"

வீரக்குட்டி போனை நீட்டினார். "ராத்திரி முழுக்கத் தலையாட்டினீங்களே! பாவம், கழுத்து நோகப்போகுது, போனை மூடெண்டு என்ர மனுசி ஏசினவ."

திரையில் ஹாஜியார் ஆட்டிக்கொண்டே இருந்தார். வீரக்குட்டி எழுதியிருந்த விலை கொள்முதலிலும் குறைவு; கடைப் போனில் ஹாஜியார் இன்னும் பதில் அழுத்தியிருக்கவில்லை.

ரிஸ்லா எழுந்தாள். "அண்ணன், அது சம்மதமில்லை. பதில் வரும்வரைக்கும் சும்மா ஓடுறது…"

வீரக்குட்டியின் முகம் சுருங்கியது. சாக்கை மடித்தார். "அப்ப பரவாயில்லை. நான் போயிட்டு வாறன்."

"சாக்கை விரியுங்க," என்றார் ஹாஜியார். "தலை என்ட தலைதான். ஆட்டினது நான்தான்."

கருவாட்டை நிறுத்து, மேலே ஒரு பிடியும் போட்டு அனுப்பிவிட்டு ரிஸ்லாவிடம் திரும்பினார்.

"மகள், காத்து நிக்கிறதுக்கும் காசு வாங்கினீங்களே, அது எங்க?"

"தலையாட்டலையே… மெதுவா விட்டன்."

"பழைய மீனைக் கழுவி வச்சிருக்கீங்க. உங்கட வாப்பாவுக்கே என்னை ஏமாத்த ஏலல்ல. எவ்வளவு பாடுபட்டார், மனிசன்!"

ரிஸ்லாவின் காது எரிந்தது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். தானாக ஓடுவதை நிறுத்தினாள், லூப்பை அணைத்தாள், உருவத்தை முதல் பிரேமில் நிற்கவைத்தாள். சம்மதம் வந்தால் மட்டும், ஒரே ஒருதரம் தலை இறங்கும்படி எழுதினாள். தேநீர் ஆறுமுன் வேலை முடிந்தது. இவ்வளவு சின்ன வேலையா என்பதுதான் அதிக வெட்கம்.

"இன்னும் எத்தனை பேருக்கு ஆட்டியிருக்கன்?" என்றார் ஹாஜியார்.

ஆறு பேர். ஹாஜியார் ஒவ்வொருவராக அழைத்தார். "ஓம், ஓம், நான்தான் ஆட்டினன். வந்து எடுங்க." ரிஸ்லாவின் பேரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கிருந்தது.

கடைசி, கிண்ணியா ஆமினா உம்மா. அவர் திரையில் தலையாட்டல் கண்டு, முந்தாநாளே தன் விலையைச் சொல்லிப் போன் எடுத்தவர்; விஷயம் தெரியாத ஹாஜியார், "கனவு கண்டீங்களா?" என்று சிரித்துப் போனை வைத்துவிட்டார்.

"சாமான் வேற இடத்துல எடுத்துட்டன், ஹாஜியார்," என்றது போன். "நீங்க தலையாட்டிட்டு மாறுவீங்கண்டு நான் நினைக்கல்ல."

ஆமினா உம்மா வைத்துவிட்டார். ஹாஜியாரின் தலை கீழே இறங்கியது. எதிரில் பேரம் எதுவும் இல்லை.

ரிஸ்லா ஆறாயிரம் ரூபாவை மேசையில் வைத்தாள். அவர் அவளைப் பாராமல் எண்ணி மேசை லாச்சிக்குள் போட்டார். வரையாத அசைவின் கணக்கு அதோடு நேர். ஏழு தலையாட்டலில் ஆறு தீர்ந்தது. ஆமினா உம்மாவின் ஒன்று, ரிஸ்லாவின் பேரில், நிலுவை.