நடுவில் ஆள் இல்லாத வீடு

நர்ஸம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. டயாலிசிஸ் பிரிவில் பயிற்சி முடிந்து வந்து செல்போனை எடுத்தால், அப்பாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கணவரிடமிருந்தும் அதே அளவுக்கு.

அப்பாவின் பழைய சைக்கிளைக் கேட்காமல் கொள்ளாமல் கணவர் இரும்புக்கடையில் போட்ட நாளிலிருந்து, மாமனாரும் மருமகனும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. எதுவானாலும் அவள் வழியாகத்தான். அவள் வெளியூருக்குப் பயிற்சிக்கு வந்த பிறகும் விடவில்லை. முன்னறையிலிருந்து அப்பா அவளைப் போனில் கூப்பிட்டு, "ஃபேனை அணைக்கச் சொல்லும்மா" என்பார். அவள் உள்ளறையில் இருக்கும் கணவருக்குப் போன் அடித்துச் சொல்வாள்.

முதலில் கணவருக்கு அடித்தாள். "என்னங்க, அப்பாவுக்கு என்ன?"

"மாமாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லா நனைஞ்சுட்டார், அவ்வளவுதான்." கணவரின் குரலில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் பிய்த்துக்கொண்டதாம். அப்பா ஒரு கையால் ஓட்டையைப் பொத்தியபடி மறு கையால் மகளுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?"

"பக்கத்து ரூம்லதான். கதவுக்கு அடியில தண்ணி வருது. என்னன்னு உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லுன்னு நானும் உனக்குத்தான் அடிச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ எடுக்கல. அப்பதான் ஒரு சத்தம், 'மாப்பிள்ளே, மெயின் வால்வை மூடுங்க!'ன்னு. பஸ் ஓட்டின தொண்டையாச்சே, தெருவே திரும்பியிருக்கும். வால்வு இருக்கிற இடம் எனக்கு எங்க தெரியும்? 'எங்க இருக்கு மாமா?'ன்னு கேட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது போலும்.

"அப்புறம்?"

"ரெண்டு பேருமா தண்ணியை வாரிக் கொட்டினோம். அந்தச் சாக்குல சைக்கிளுக்கு மன்னிப்புக் கேட்டேன். 'அதுல செயினே கிடையாது, விடுங்க'ன்னுட்டார். இத்தனை வருஷமா இதைச் சொல்ல வாய் வரலை பாரு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்பாகிட்ட குடுங்க, பேசணும்."

"புதுக் குழாய் வாங்கப் போறோம். அவர் வாசல்ல நிக்கிறார்."

தூரத்தில் அப்பாவின் குரல் கேட்டது: "மாப்பிள்ளே, கடையை மூடிடுவான்!"

"இதோ வந்துட்டேன் மாமா!"

அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து கணவர் போனை வைத்துவிட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. பசிதான் வந்தது. கேன்டீனுக்கு விறுவிறுவென்று நடந்தாள்.