பச்சை லோரி நின்ற பக்கம்

அப்பாவுக்கு டேப்லெட் வாங்கிய அன்று, அதை என் ஈமெயிலைப் போட்டுத்தான் திறந்தேன். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். அப்பாவின் பழைய கைப்பேசி, வீட்டு டிவி, அம்மா உயிரோடு இருந்தபோது அவருடைய கைப்பேசி, எல்லாவற்றிலும் என் பெயர்தான் இருக்கும். எங்கள் நியாலாஸ் செம்பனைத் தோட்டத்தில் பாதி வீடுகள் ஒரே ஒரு பிள்ளையின் ஈமெயிலில் ஓடுகின்றன. அதில் ஒரு தவறு இருக்கக்கூடும் என்று அந்தப் புதன்கிழமை வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

புதன்கிழமை மதியம், பத்து பெரண்டாம் ஊரில் நான் வேலை செய்யும் பேக்டரியின் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் ஒரு சமையல் வீடியோவைத் திறந்தேன். முதலில் விளம்பரம் வந்தது. ஒரு முற்றத்தில் சக்கர நாற்காலிகளில் முதியவர்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, மலாக்காவில் உங்கள் பெற்றோருக்கு ஒரு வீடு என்று எழுதியிருந்தது. கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அப்பா தினமும் கைப்பயிற்சி வீடியோ பார்ப்பது இதே ஈமெயிலில்தான். இந்த விளம்பரம் அங்கேயும் வருமே.

அப்பா இருபத்திரண்டு வருடம் செம்பனை லோரி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்தது. வலது கை போனது. பேச்சு குழறிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தாதி கேட்டார். அப்பா படுக்கையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நான் பார்த்துக்குறேன், மிஸ்ஸி."

உண்மையில் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ஜானகி அக்கா. நான் பேக்டரிக்குப் பக்கமாக, குருபோங்கில் மூன்று பெண்களோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனி ஞாயிறு ஓய்வு. அந்த இரண்டு நாளும் மோட்டார் சைக்கிளில் நியாலாஸுக்குப் போய்விடுவேன். மீதி நாட்களில் மதியச் சோறு, மாத்திரை, குளியலறைக்குக் கைத்தாங்கல், எல்லாம் அக்காதான். போன வாரம் அவர் என்னை வெளியே கூப்பிட்டு, வாசல் கம்பியைத் துடைத்துக்கொண்டே, மாதக் கடைசியில் கூலாயில் இருக்கும் மகளிடமே போய் இருக்கப்போவதாகச் சொன்னார். எனக்கு வருத்தம் கொடுக்கிறோமே என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதுதான் என்னை மேலும் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரவு, குருபோங் வீட்டுக்குத் திரும்பியதும், கைப்பேசியில் 'மலாக்கா முதியோர் இல்லம்' என்று அடித்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். வெள்ளைச் சுவர் போட்ட ஓர் இல்லத்தின் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தேன். நடக்கக்கூடியவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று தனியாக ஒரு தடவை தேடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த விளம்பரம் வந்து நிற்கிறது.

அன்று மாலையே யூனுஸ் அண்ணனின் கைப்பேசிக் கடைக்குப் போனேன். குருபோங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. டேப்லெட்டை விற்றவரும் அவர்தான். கைப்பேசியில் தேடியது எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றேன். மாப்பிள்ளை பார்க்க வருகிறார்களா என்று கிண்டல் செய்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினார்.

"ஹிஸ்டரிய ஒரு இடத்துல அழிச்சா போதும். ஒரே ஈமெயில்தானே, எல்லா மெஷின்லயும் போயிடும். குக்கீஸ் அப்படி இல்ல லா. அது அந்தந்த மெஷின்ல உட்கார்ந்திருக்கும். நீதான் ஒவ்வொண்ணா போயி விரட்டணும்."

குக்கீஸ் என்றால் என்ன என்று கேட்டேன்.

"நீ ஒரு கடைக்குப் போற. கடைக்காரன் உனக்குத் தெரியாம உன் பையில ஒரு சீட்டு வெச்சு அனுப்புறான். அடுத்த தடவை போனா சீட்டைப் பார்த்துட்டு, அட நீயான்னு கேப்பான். அவ்வளவுதான்."

பார்த்த பக்கங்களின் படங்களும் உள்ளே தங்கிவிடுமாம். அதற்குக் கேஷ் என்று பெயர். அதையும் சேர்த்தே அழிக்கலாம் என்று, எங்கே தொட வேண்டும் என்பதைக் காட்டினார். ஹிஸ்டரிப் பட்டியல் திறந்ததும் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதையே எனக்கு அவமானமாக இருந்தது. பட்டியலில் இல்லம், இல்லம் என்று வரிசையாக நின்றது. நான் இத்தனை தடவையா பார்த்தேன் என்று நினைத்தேன். குற்றம் செய்தவள் எண்ணினால் எல்லாம் இரண்டாகத் தெரியும்போல. 'எல்லாக் காலமும்' என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை பேக்டரியில், லீவு படிவம் அச்சடிக்க ஒரு தடவை என் ஈமெயிலைத் திறந்திருந்த கம்ப்யூட்டரிலும் குக்கீஸ், கேஷ் எல்லாவற்றையும் துடைத்தேன். அதன் பிறகு கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். வேலை நேரத்தில் கைப்பேசி எடுத்துப் போக முடியாது. காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை அது பூட்டுக்குள்தான் கிடக்கும்.

சாவியைத் திருப்பும்போதுதான் உறைத்தது. கடையில் பார்த்த அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. செவ்வாய், காலை பத்து இருபது. செவ்வாய், பத்து நாற்பது. அந்த நேரத்தில் என் கைப்பேசி இதே லாக்கருக்குள் இருந்தது.

அந்த ஈமெயிலைத் தொடக்கூடிய இன்னொருவர் ஒரே ஓர் ஆள்தான்.

சனிக்கிழமை நியாலாஸுக்குப் போகும் வழியெல்லாம் மழை. ஜாசினில் ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றேன். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாததுபோல் நடிக்கலாம். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். என் தோழிக்காகத் தேடினேன் என்று சொல்லலாம். மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

வீட்டில் அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். டேப்லெட் அவர் மடியிலிருந்து சரிந்து நாற்காலி மெத்தையின் ஓரத்தில் கிடந்தது. அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தும், என் கை முதலில் செய்தது அதை எடுத்ததுதான். யூனுஸ் அண்ணன் காட்டிய இடத்தைத் தேடித் தொட்டேன். குக்கீஸ். கேஷ். எல்லாக் காலமும். அழுத்தினேன். இனி அந்த விளம்பரமாவது வராது என்று நினைத்து நிமிர்ந்தபோது, அப்பா கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெட்டுப் போச்சும்மா" என்றார். ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளித்தான் அவரால் பேச முடியும். "புதன்கிழமையில இருந்து. நான் போயிட்டு வந்த ரோடு ஒண்ணையும் காணோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே மெதுவாக விளக்கினார். வலது கை வராததால் அவரால் எழுத்து அடிக்க முடியாது. மைக்கைத் தொட்டுப் பேசினாலும் அவர் குழறல் அதற்குப் புரியாது. ஒரு தடவை நியாலாஸில் மழை வருமா என்று கேட்டதற்குக் கல்யாண மண்டபங்களைக் காட்டியதாம். அதனால் அவர் ஹிஸ்டரியைத் திறந்து, ஏற்கெனவே இருக்கும் வரிகளை இடது கை விரலால் தொட்டுத் தொட்டுத்தான் எங்கும் போவார். கைப்பயிற்சி, பழைய பாட்டு, செய்தி, எல்லாம் அந்தப் பட்டியலில்தான். நான் அங்கே குருபோங்கில் ஒரு பொத்தானை அழுத்தியபோது, இங்கே அவருடைய வழியெல்லாம் போயிருக்கிறது.

மழைக்கு ஒதுங்கியபோது சேர்த்து வைத்த மூன்று பொய்களும் என்னிடம் இருந்தன. எதுவும் வெளியே வரவில்லை.

"கெட்டுப் போகலப்பா. நான்தான் அழிச்சேன்."

"எதுக்கு?"

"நான் ஒண்ணு தேடினேன். நீங்க பார்த்துடக் கூடாதுன்னு."

அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சிரிப்பது அப்படித்தான்.

"இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டுனவன்கிட்ட சொல்ற. கண்ணாடியில பின்னால என்ன வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமையே பட்டியலில் அந்த வரியைப் பார்த்திருக்கிறார். அவர் தேடாத ஒன்று எப்படி வந்தது என்று தொட்டுப் பார்த்திருக்கிறார். அன்று சாப்பிடவில்லை என்று ஜானகி அக்கா பிறகு சொன்னார். செவ்வாய்க்கிழமை மறுபடி திறந்து முழுவதும் படித்திருக்கிறார். இதையெல்லாம் அப்பா தோட்டத்துச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியிடம் நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீ பார்த்த அந்த வெள்ளை வீடு எனக்குப் பிடிக்கல லா" என்றார். "ஜன்னலே இல்ல. அதுக்குக் கீழ வேற வேற இடம் காட்டுச்சு. ஒண்ணொண்ணா தொட்டுப் பார்த்தேன். அதுல ஒண்ணு நல்லா இருந்துச்சு. பத்து பெரண்டாம் பக்கம். உன் பேக்டரியில இருந்து மோட்டார்ல பத்து நிமிஷம். வேலை முடிஞ்சா நீ தினம் வரலாம்."

"பேர் என்னப்பா?"

அவர் வாயைத் திறந்தார். ஓர் ஒலி வந்தது. மறுபடி முயன்றார். பிறகு தலையை ஆட்டினார். பெயர் நினைவில் இல்லையா, நினைவிருந்தும் நாக்கில் வரவில்லையா, தெரியவில்லை.

"வாசல்ல ஒரு பச்சை லோரி நின்னுச்சு. அதான் தெரியும். நீ வந்தா காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"மன்னிச்சிருங்கப்பா. தேடினது என் தப்பு."

"தேடுனது தப்பு இல்ல. அக்கா போறாங்க, நீ என்ன பண்ணுவ? எங்கிட்ட கேக்காம அழிச்ச பாரு, அதான் தப்பு. நான் பார்த்து வெச்சதும் அதுல போச்சு."

நான் நகர்ந்து அவர் நாற்காலியை ஒட்டி உட்கார்ந்தேன்.

அப்பா இடது கையால் டேப்லெட்டை இழுத்து, மைக் படத்தைத் தொட்டு, என் வாய்க்கு நேராகப் பிடித்தார். எழுத்து அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், சொல்லு, எனக்கும் கேட்கட்டும் என்றார். கேட்கத் தயாராக டேப்லெட் திரையில் சிறு வட்டங்கள் விரிந்து விரிந்து அடங்கின. நான் எதுவும் சொல்லாததால் அது அணைந்துபோனது. அவர் மறுபடி தொட்டார்.

ஆஸ்பத்திரியில் சொன்னதுபோல் சத்தமாக என்னால் சொல்ல முடியவில்லை.

"பத்து பெரண்டாம். முதியோர் இல்லம்."

அதற்குப் புரிந்தது. வரிசையாகக் காட்டியது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்பா, இது இல்ல, இது இல்ல என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஐந்தாவதில் அவர் விரல் என் மணிக்கட்டில் வந்து அழுத்தியது. ஒரு சின்ன மாடி வீடு. வாசலில் காய்கறி இறக்கிக்கொண்டிருந்த பச்சை லோரி. மாடியில் நான்கு ஜன்னல்கள்.

"எந்த ரூமா இருந்தாலும் ரோடு தெரியும்" என்றார்.

படத்தின் பாதியை மறைத்துக்கொண்டு கீழிருந்து ஒரு குக்கீஸ் பெட்டி எழுந்து வந்தது. அப்பா முன்பு வந்தபோது அதற்குப் பதில் சொல்லியிருப்பார். நான்தான் சீட்டைத் துடைத்துவிட்டேனே, அதனால் புதிதாகக் கேட்கிறது.

"என்னம்மா கேக்குது?"

"நாம இங்க வந்ததை ஞாபகம் வெச்சுக்கலாமான்னு கேக்குதுப்பா."

என் விரல் 'வேண்டாம்' பக்கமாகப் போயிருந்தது, பழக்கத்தில். அப்பா அதைப் பார்த்தார்.

"வெச்சுக்கச் சொல்லு" என்றார்.