புல்வெளிமேல் ஒரு படகு

நொயேமியா இருபது வயது வரைக்கும் ரயிலைப் பார்த்ததில்லை. அவள் பிறந்த கோர்வோ, அட்லாண்டிக் கடலுக்கு நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒரு புள்ளி. ஒரே ஊர், நானூறு பேர், ஓர் எரிமலைக் குழி, அவ்வளவுதான் தீவு. அங்கே தண்டவாளம் போட்டால் ரயிலின் தலை அதன் வாலிலேயே போய் இடிக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நான் கிங்கா. போலந்திலிருந்து ஓராண்டுப் படிப்புக்காக ஸ்லோவேனியாவின் லியூப்லியானா நகருக்கு வந்தவள். அவளும் அதே வருடம் அதே புவியியல் துறைக்கு வந்தாள். மாணவர் விடுதியில் எங்களுக்கு ஒரே அறை கிடைத்தது. வந்த முதல் வாரமே அவள் காணாமல் போனாள். தேடிக்கொண்டு போனால் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கும் போவதற்கில்லை. வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏறிப் பார்க்கணும்னு தோணலையா?" என்று கேட்டேன்.

"தோணுது. ஆனா எதுல ஏறுறதுன்னு தெரியல. எல்லாமே நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஏறினோம். எது முதலில் கிளம்புகிறதோ அதில். எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குள்ளும் இத்தாலிக்குள்ளும் போய், ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பியதுண்டு. பல ஊர்களின் பெயர்கூட இப்போது நினைவில்லை. மழையில் நனைந்த நடைமேடை, ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி வைத்த நிலைய அறை, மலைக்குகைப் பாதைக்குள் நுழையும்போது கண்ணாடியில் திடீரென்று முளைக்கும் எங்கள் முகங்கள், இவைதான் மிச்சம். நொயேமியா கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு தூங்கவும் மாட்டாள், விழித்திருக்கவும் மாட்டாள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருப்பாள்.

"நிலம் முடியவே மாட்டேங்குதுடி," என்பாள். "போய்க்கிட்டே இருக்கு."

அவள் இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். படகு என்ற சொல்லே காதில் விழாத இடம் வேண்டும் என்று வரைபடத்தைப் பார்த்திருக்கிறாள்.

"ஸ்லோவேனியாவுக்கும் கடல் இருக்கே," என்று சீண்டினேன்.

"அதெல்லாம் ஒரு கடலா? சுண்டுவிரல் நகம் அளவு. போகட்டும்னு மன்னிச்சு விட்டுட்டேன்."

அவளுடைய அப்பா அமாரோ, கோர்வோவுக்கும் பக்கத்துத் தீவுக்கும் இடையே படகு ஓட்டுகிறவர். கடிதம், காய்கறி, நோயாளி, ஆட்டுக்குட்டி எல்லாம் அவர் படகில்தான் போகும். பன்னிரண்டு வயதிலிருந்து நொயேமியாவும் கூடவே போனாள். தனக்குப் பிறகு படகு அவளுக்குத்தான் என்று அவர் யாரையும் கேட்காமலே முடிவு செய்திருந்தார். அவளும் யாரையும் கேட்காமல் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டில் பெரிய சண்டை. "இனிமே துடுப்பைக் கையால தொட மாட்டேன்," என்று அவள் சொல்ல, "அப்ப படகை வித்துடறேன், போ," என்று அவர் சொல்ல, அத்தோடு பேச்சு நின்றுபோனது. வழியனுப்பவும் அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசியில் பேசுவாள். அப்பா வெளியே போயிருக்கிறார் என்பாள். அம்மாவுக்குப் பின்னால் அவர் இருமுவது எனக்கே கேட்கும்.

அக்டோபரில் எங்கள் பேராசிரியை வகுப்பையே பேருந்தில் ஏற்றிச் செர்க்னிட்சாவுக்குக் கூட்டிப்போனார். ஏரியைப் பார்க்கப் போகிறோம் என்றார். இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ஒரு விவசாயி டிராக்டரில் வைக்கோல் உருளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இப்ப நீங்க ஏரிக்கு நடுவுல நிக்கிறீங்க," என்றார் பேராசிரியை.

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இது சுண்ணாம்புப் பாறை நிலம், அடியில் எல்லாம் குகையும் ஓட்டையும். இலையுதிர்கால மழை பெய்தால் தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியே மேலே வரும். கோடையில் வந்த வழியே இறங்கிவிடும். புல்வெளியின் நடுவே சற்று மேடான இடத்தில் சில வீடுகளும் மரங்களும் தெரிந்தன. அந்த ஊரின் பெயர் ஓட்டோக். இந்நாட்டு மொழியில் அதற்குத் 'தீவு' என்று அர்த்தம்.

நொயேமியா அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புல்லுக்கு நடுவுல தீவாம்," என்றாள் என் காதில். "யாரோ என்னைக் கிண்டல் பண்றாங்க."

நவம்பரில் பத்து நாள் விடாத மழை. இரண்டாவது சனிக்கிழமை காலையில் மழை நின்றது. நான் போர்வைக்குள் இருந்தேன். அவள் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே, "எழுந்திரு. அது வந்திருச்சான்னு பார்த்துட்டு வந்துடலாம்," என்றாள்.

ராகெக் வரை ரயில், அங்கிருந்து பேருந்து, அப்புறம் நடை. ஓட்டோக்குக்குப் போகும் மண் சாலையில் ஆப்பிள் மரங்களைத் தாண்டி ஒரு வளைவு திரும்பினோம். சாலை நேராக நடந்து போய்த் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

ஏரி வந்திருந்தது. போன மாதம் நாங்கள் உட்கார்ந்து ரொட்டி தின்ற இடம், வைக்கோல் உருளைகள் கிடந்த இடம், எல்லாவற்றின் மேலும் வானம் படுத்துக் கிடந்தது. காற்றில்லை. அலையில்லை. தொலைவில் அந்த வீடுகளும் மரங்களும் தலைகீழாக ஒரு முறையும் நேராக ஒரு முறையுமாக நின்றன. இப்போது அது நிஜத் தீவு.

தண்ணீர் விளிம்பில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அன்று அவர்களுக்குப் புனித மார்த்தின் விருந்து, புதுத் திராட்சை ரசம் குடிக்கும் நாள். ஓட்டோக்கில் வீதா என்கிற பெண்மணியின் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள். கையில் துணி போட்டு மூடிய வாத்து வறுவல் தட்டு, கேக், ஒரு முதியவர் முதுகில் அக்கார்டியன் என்கிற இசைப்பெட்டி. எல்லோரும் ஏரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காரணம், வீதாவின் தம்பி லோய்சே. தட்டையான அடியுள்ள நீளப் படகில் அவர் தனியாக எங்களை நோக்கி வர முயன்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மாவுக்கட்டு. மறு கையால் மட்டும் துடுப்புப் போட்டதால் படகு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"லோய்சே, கல்யாணத்துக்கு ஒத்திகையா? நல்லா ஆடுறே!" என்று கரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"நீ வாயை மூடு, இல்லேன்னா வாத்து மட்டும்தான் அக்கரைக்கு வரும்!" என்று அவர் திருப்பிக் கத்தினார்.

நான் சிரித்துக்கொண்டே நொயேமியா பக்கம் திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. பல்வலி வந்தவள்போல் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன, பைகள் அசைந்துகொண்டிருந்தன. படகு ஒருவழியாகக் கரையை முட்டியதும் அவள் நேராகத் தண்ணீருக்குள் நடந்து போய் அதன் விளிம்பைப் பிடித்தாள்.

"இறங்குங்க," என்றாள்.

லோய்சே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"நான் யாரா இருந்தா என்ன? இப்படி ஓட்டுறதை என்னால பார்க்க முடியல. இறங்குங்க."

எங்களுடைய அரைகுறை ஸ்லோவேனிய மொழியும் அவருடைய அரைகுறை ஆங்கிலமும் நடுவழியில் எப்படியோ சந்தித்துக்கொண்டன. அவர் இறங்கவில்லை, நகர்ந்து உட்கார்ந்தார். அவள் ஏறித் துடுப்புகளைக் கையில் எடுத்தாள்.

இரண்டு மாதமாக ஒரே அறையில் இருந்தும் நான் பார்க்காத ஒருத்தி அங்கே இருந்தாள். தோள் தளர்ந்து, முதுகு நிமிர்ந்து, முகம் யாரோ தூங்கவைத்தது போல அமைதியாகிவிட்டது. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தமே இல்லை.

முதல் நடையில் மூன்று பேரும் வாத்தும் போனார்கள், லோய்சேயும் அக்கரையிலேயே இறங்கிக்கொண்டார். இரண்டாவது நடையில் மூன்று பேர். மூன்றாவதில் அக்கார்டியன்காரரும் நானும். கரையை விட்டு நூறு கஜம் போயிருப்போம், மூடுபனி இறங்கியது. முதலில் தீவு மறைந்தது, அப்புறம் கரை. பிறகு படகின் மூக்குகூட மங்கலாகிவிட்டது. வெள்ளைக்கு நடுவே நாங்கள் மூன்று பேரும் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"திரும்பிடலாமா?" என்றேன்.

"எந்தப் பக்கம் திரும்புவே?" என்றாள் அவள், துடுப்பை நிறுத்திவிட்டு.

அக்கார்டியன்காரர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா. இந்தப் பெட்டிக்கும் தெரியாது."

நொயேமியா படகின் ஓரமாகக் குனிந்து கீழே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் தலையைப் பிடித்து அவள் பார்த்த திசையில் அமுக்கினாள்.

தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. நாலடி ஆழத்தில் புல் பச்சை மாறாமல் நின்றிருந்தது, ஒரே பக்கம் சாய்ந்து, ஏதோ மெல்லிய காற்றில் அசைவதுபோல. புல்லுக்குள் ஒரு பூகூட இருந்தது. அதைத் தாண்டி வெளுப்பாக ஒரு கோடு. சரளைக்கல் சாலை.

"நீ அது மேலயே கண்ணை வை," என்றாள். "சாலை எங்க போகுதுன்னு சொல்லு. அங்க போறேன்."

அப்படித்தான் போனோம். நான் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு, "இடது பக்கம் வளையுது... நேரா... இப்ப கொஞ்சம் வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டிராக்டர் சக்கரம் பதிந்த தடம் தெரிந்தது. ஒரு வேலிக்கம்பத்தின் மேலே சிறிய மீன்கள் நின்றன. ஓரிடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. எந்தக் கிளை என்று தெரியாமல் நான் தவித்தபோது, பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் பலகை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியது. ஓட்டோக் என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. நொயேமியா அதற்குக் கீழ்ப்படிந்து படகை இடது பக்கம் திருப்பினாள். அக்கார்டியன்காரர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

எவ்வளவு நேரம் போனோம் என்று தெரியாது. பயம் எப்போது போனது என்றும் தெரியாது. அந்தச் சாலை முடியவே கூடாது என்று நினைத்ததுதான் நினைவிருக்கிறது. புல்லின் மேல் மிதந்து போகிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன். கடைசியில் சாலை மேலே ஏறியது, படகின் அடி சரளையில் உரசியது, எதிரே ஒரு தபால் பெட்டியும் கோழிகளும் நின்றிருந்தன.

இறங்கும்போது அக்கார்டியன்காரர் ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டார். "பெட்டி நனையல. கால் காய்ஞ்சிடும்," என்று நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

வீதா ஐம்பது வயதுக்காரி. வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பனியில உங்களை எங்கயும் விடமாட்டேன். நாளைக்குக் காலையில போகலாம். முதல்ல சாப்பிடுங்க." சிவப்பு முட்டைக்கோஸும் வாத்தும் தட்டு நிறைய வந்தன. நொயேமியாவின் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு அவள் "ஐயோ, என்னடி இது!" என்றாள். இரண்டு கைகளிலும் கொப்புளம். இரண்டு மாதத்தில் தோல் மென்மையாகிவிட்டிருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவே நொயேமியா எழுந்து சமையலறைக்குள் போய் வீட்டுக்குப் போன் செய்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் பேசிய போர்ச்சுகீசியம் எனக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக அவளே எனக்குச் சொன்னாள்.

"அம்மா, அப்பாகிட்ட சொல்லு. நான் இன்னைக்குப் படகு ஓட்டினேன்."

அந்தப் பக்கம் அதே இருமல். பிறகு போன் கை மாறியது.

"எத்தனை பேர்?" என்றார் அப்பா. இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"எட்டுப் பேர். மூணு நடை."

"என்ன படகு?"

"தட்டை அடி. நீளமா இருக்கும். மரம் என்னன்னு தெரியலப்பா."

"என்னன்னு தெரியாத மரத்துல ஆளை ஏத்தினியா? காத்து?"

"காத்தே இல்ல. பனி. கீழ சாலை தெரிஞ்சது, அதைப் பார்த்துக்கிட்டே போனேன்."

"கடலுக்குள்ள ஏது சாலை? குடிச்சிருக்கியா?"

அவள் விளக்கினாள். புல்லைச் சொன்னாள், ஓட்டைகளைச் சொன்னாள், மஞ்சள் பலகையைச் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியாது. "நாலடி ஆழத்துல ஓட்டிட்டு இவ்வளவு பெருமையா உனக்கு?" என்றார். அப்புறம், "கை எப்படி இருக்கு?"

"கொப்புளம்."

"உப்புத் தண்ணியில வை."

"இங்க தண்ணியில உப்பே இல்லப்பா."

அவர் சிரித்தார். அது எனக்கே கேட்டது. அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து அறையில் அக்கார்டியன் தொடங்கியது. வீதா உள்ளே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணத்தில் வெந்நீரில் கல் உப்பைக் கரைத்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான் அடுத்த ஜூனில் போலந்து திரும்பினேன். நொயேமியா திரும்பவில்லை, அந்த ஏரியின் நீர்மட்டத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தாள். படகை அவளுடைய அப்பா விற்றுவிட்டார். ஆனால் விற்பதற்கு முன் அவளிடம் கேட்டார். அவள் ஒரு வாரம் யோசித்து, சரி என்றாள். வாங்கியவர்கள் பக்கத்துத் தீவில் ஓர் இளம் தம்பதி.

கையில் பணம் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், மகள் சொன்ன ஏரியைப் பார்க்கக் கிளம்பியதுதான். ஆகஸ்டில் வந்தார். வறண்ட ஆகஸ்ட். நானும் போயிருந்தேன். குள்ளமான மனிதர், வெயிலில் கறுத்த கழுத்து, ஒரு தோல்பை. ஆப்பிள் மரங்களைத் தாண்டி வளைவு திரும்பியதும் நின்றார். கண்ணுக்கெட்டிய தூரம் புல், வைக்கோல் உருளைகள், வெட்டுக்கிளிச் சத்தம்.

"எங்க ஏரி?" என்றார்.

"இதுதாம்ப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டு உள்ளே நடந்து, உட்கார்ந்து, பிறகு மெதுவாக மல்லாந்து படுத்துக்கொண்டார். மகளும் பக்கத்தில் படுத்தாள். வெகுநேரம் இருவரும் மேலே பார்த்தபடி கிடந்தார்கள். அந்த நேரத்தில் மேகங்கள் மிகவும் உயரத்தில் போய்க்கொண்டிருந்தன.

"இந்த இடத்துல எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்று கேட்டார் அவர்.

அவள் படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினாள்.