சம்பந்திக்கு வைத்த வால்நட்

அன்று இருந்தவர்கள் நான்கே பேர். தபால் நிலையத் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர், அவர் மனைவி, எதற்கும் "சரிதான்" என்பதால் சரிதான் என்றே பெயராகிப்போன மனைவியின் தம்பி, மகளின் மாமியாரான சம்பந்தியம்மா. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்ப வேண்டாம்.

தெருமுனையில் ஒரு வால்நட் மரம். இலையுதிர் காலத்தில் காற்று வீசிய மறுநாள் காலை, பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தானாக விழுந்ததை மட்டுமே எடுப்பார். கல்லெறிவது, கிளையை உலுக்குவது எல்லாம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. மனைவி பச்சைத் தோலை உரிப்பார். விரல்கள் ஒரு மாதம் கறுத்துக் கிடக்கும். உரித்ததை வாளித் தண்ணீரில் போடுவார்கள். முழுகினால் உள்ளே பருப்பு உண்டு, மிதந்தால் சொத்தை. முழுகியவை மட்டும் மாடி அறையில் செய்தித்தாள் மேல் மூன்று வாரம் காயும்.

போன வருடம் சம்பந்தி வீட்டுக்குப் போன பையில் எப்படியோ நாலைந்து சொத்தை. சம்பந்தியம்மா சொன்னது ஒரே வாக்கியம்: "உங்க அப்பா காத்தையும் சேர்த்துக் கட்டிக் குடுத்திருக்காரு." மகள் அதைச் சிரித்துக்கொண்டே தொலைபேசியில் சொன்னாள். பெரியவர் சிரிக்கவில்லை. பெண் கொடுத்த வீடு. இந்த வருடம் ஒரு சொத்தைகூடப் போகக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

சம்பந்தியம்மா மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தார். பெரியவருக்கு மனம் கேட்கவில்லை. காய்ந்து தயாராக இருந்த வால்நட்களை இறக்கி, இன்னொரு முறை வாளியில் கொட்டினார்.

அத்தனையும் மிதந்தன.

"ஏம்ப்பா, எல்லாமே சொத்தையா?"

"சரிதான் அத்தான்."

"அமுக்கிப் பாரு."

சரிதான் அமுக்கினார். கையை எடுத்தார். "திரும்ப மேல வருது அத்தான். ஒண்ணை உடைச்சுப் பார்க்கலாமா?"

"தண்ணியே சொல்லிடுச்சு. அதுக்குமேல என்ன சாட்சி?"

"அதுவும் சரிதான்."

குப்பைத் தொட்டியில் போட்டால் எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார். பார்த்தால் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார். எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டால் கேள்வி இல்லை. சரிதான் போய் மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார்.

மனைவி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, பச்சையா இருக்கும்போதுதான் முழுகும். காஞ்சா நல்லதும்தான் மிதக்கும். இத்தனை வருஷமா வாளியோட மல்லுக்கட்டுறது நான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா கிரீடம் இறங்கிடுமா?" தம்பி பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடா பக்கத்துல நின்ன?"

"அத்தான்தான் தண்ணி சொல்லிடுச்சுன்னாரு. சரிதான்னு பட்டுச்சு அக்கா."

போய்ப் பொறுக்கி வரலாம் என்று மனைவி செருப்பைத் தேடுவதற்குள் வாசல் மணி அடித்தது. சம்பந்தியம்மா நின்றிருந்தார். கைப்பை வாய் மூடாமல் பிதுங்கியது. போதாததற்குக் குடையைத் தலைகீழாக விரித்து, அதிலும் வால்நட் குவியல்.

"அண்ணா, என்ன மரம் வெச்சிருக்கீங்க தெருமுனையில! தோல் உரிச்சு, கழுவி, காயவெச்சுல்ல போடுது. ஒண்ணு விடல, பொறுக்கிட்டேன். மூணு உடைச்சுப் பார்த்தேன், ஓடு முட்டப் பருப்பு நிக்குது. நீங்க வெச்சுக்குங்க."

பெரியவர் இரண்டு பக்கமும் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால், சம்பந்திக்கு வைத்ததைத் தெருவில் கொட்டியவர் ஆவார். சொல்லாவிட்டால், தன் வீட்டு வால்நட்டையே மாப்பிள்ளை வீட்டுத் தானமாக வாங்கியவர் ஆவார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்க கைக்குக் கிடைச்சது சம்பந்தியம்மா. நீங்களே கொண்டுபோங்க."

"பாதியாவது எடுத்துக்குங்களேன்."

"ஒண்ணுகூட வேண்டாம்." பெரியவர் துணிப்பை கொண்டுவந்து அவரே போட்டு, அவரே முடிச்சுப் போட்டார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணா. போன வருஷம் நீங்க குடுத்ததுக்கு மரம் குடுத்தது எவ்வளவோ தேவலை."

"சரிதான்" என்றார் சரிதான். அக்கா பார்த்த பார்வையில் சமையலறைக்குள் போய்விட்டார்.

அந்தத் தெருமுனை மரம் உரித்துக் கழுவிய வால்நட்களைப் போடுவதாகச் சம்பந்தி ஊரில் இப்போது ஒரு பேச்சு. அது உண்மையல்ல. எல்லா வால்நட் மரங்களையும் போலப் பச்சைத் தோலோடுதான் போடுகிறது. உரித்தவர் பெரியவரின் மனைவி.