எழுபத்திரண்டில் துடித்த ஊர்

மாசிடோனிய மலையிலுள்ள பெலகோராவில் எல்லாருடைய நெஞ்சும் ஒன்றாகத் துடித்தது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. அந்தத் தாளத்துக்கே ஜன்னல்கள் அதிர்ந்தன, கோழிகள் சோளம் கொத்தின. நாடித்துடிப்பைக் கூடவோ குறையவோ எழுதினால் நோயை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்று ஊர் பயந்தது. ஆகவே நர்ஸ் ஸ்தோயான்கா யார் மணிக்கட்டையும் தொடாமலே எல்லாருக்கும் எழுபத்திரண்டு என்று எழுதி வந்தாள். சில ஆண்டுகளில் நெஞ்சுகள் அந்த எண்ணுக்குப் பழகிவிட்டன. நோய்கள்தான் பழகவில்லை, ஆட்கள் தாளம் தப்பாமலே செத்தார்கள். இவ்வளவு ஆரோக்கியமான ஊருக்கு ஆம்புலன்ஸ் எதற்கென்று மாவட்ட அலுவலகம் வண்டியை எடுத்துக்கொண்டு, ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. இதய மாத்திரை வருவதும் நின்றுபோனது.

குளிர்காலத்துக்கு மிளகாய் வாட்டும் பருவத்தில், அடுப்பருகே நின்றிருந்த ஸ்தோயான்காவின் கணவன் ட்ரய்கோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். வியர்த்துக் கொட்டியது. அவள் பதறிப்போய் மாவட்டத்துக்குப் போன் போட்டாள்.

"உங்க ஊர்ல நெஞ்சு நோயே கிடையாதேம்மா! நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க?" என்றான் அங்கிருந்தவன். "சரி, துடிப்பை எண்ணிச் சொல்லுங்க. இருக்கிறது ஒரே வண்டி, நிலைமை மோசம்னாத்தான் அனுப்ப முடியும்."

பக்கத்து வீட்டு ஸ்பாசே ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். "வேணாங்க்கா! ஏடாகூடமா எதையாவது சொல்லி, அது பலிச்சுடப் போகுது!"

"இத்தனை வருஷம் நல்லதாவே எழுதினேனே, அது பலிச்சுதாடா? போடா அந்தப் பக்கம்!"

ட்ரய்கோவின் மணிக்கட்டைப் பிடித்தாள். மேலே ஊரின் எழுபத்திரண்டுதான் ஓடியது. விரலை இன்னும் அழுத்தினாள். அடியில் வேறொன்று நொண்டிக்கொண்டிருந்தது. எண்ணினாள். "நாப்பது. நடுநடுவுல நின்னு போகுது," என்று போனில் கத்தினாள். சொன்ன கணத்தில் அவன் நெஞ்சு ஊரின் தாளத்திலிருந்து கழன்றது. விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. தானே கொன்றுவிட்டதாக நினைத்து அலறினாள். பிறகு ஒரு துடிப்பு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

வண்டி வந்து சேரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.

அவன் பிழைத்தான். அடுத்த வாரமே ஊரார் அவளைத் திட்டிக்கொண்டே மணிக்கட்டை நீட்டி வரிசையில் நின்றார்கள். எண்ணிச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு நெஞ்சாகக் கழன்று தன் போக்கில் துடித்தது. ஸ்பாசேவுக்கு நூற்றுப் பத்து. பயத்தில் அழுதான், மாத்திரை கிடைத்ததும் நிறுத்திக்கொண்டான். புது எண்களைப் பார்த்த மாவட்டம் வண்டியையும் ஊருக்கே திருப்பி அனுப்பியது. நெஞ்சுகள் ஆளுக்கொரு தாளத்தில் அடிப்பதால் விருந்தாளிகளுக்குத்தான் அங்கே தூக்கம் பிடிப்பதில்லை. ட்ரய்கோவின் நெஞ்சு இன்னமும் நொண்டுகிறது. ஒரு துடிப்பு தாமதமானால் ஸ்தோயான்கா விழித்துக்கொள்வாள். அது வந்ததும் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.